அண்ணியின் இலையில் புழுங்கல் சோறு

அடுப்படியை விட்டு இன்னும் போகாத என் காத்தாயி அண்ணிக்கு,

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. ஊரிலிருந்து உங்கள் அம்மா யாரையாவது பிடித்து எழுதி அனுப்பும் காகிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். வாசித்து முடித்ததும், "இன்னொரு தடவ படி புள்ள. நீ வேகமா படிச்சு எங்கம்மாவ வெரட்டுறே" என்பீர்கள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவது? நானேதான். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, இந்தத் தடவை மெதுவாகவே வாசிக்கிறேன்.

பிறகு இதைப் பினாங்கில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்கிறாளே என்று அண்ணன் முறைப்பார். முறைக்கட்டும். மற்றத் தோட்டங்களிலும் உங்களைப் போல வெள்ளை அரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் களைந்து பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடும் பெண்கள் இருப்பார்கள். யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

தெரிந்ததையே சொல்கிறாளே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஓரமாய் நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். நான் உங்கள் வீட்டுக்காரரின் தங்கை. தைப்பிங்கில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு குனோங் ராபாட் மலையடியில் இருக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவள். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "அழுறதா இருந்தா சாப்பிட்டுட்டு அழு" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு உங்களைப் பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா தோட்டக்காரராக இருந்த பாதிரிமார் பெண்கள் பள்ளியில் எனக்கு நாலு எழுத்து கிடைத்திருந்தது. அதனால் இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை உங்களுடையது. "நீ தலைக்குள்ள போடு, நான் வயித்துக்குள்ள போடுறேன்" என்று வேலையைப் பிரித்துக்கொண்டீர்கள். உங்கள் பங்குதான் எப்போதும் பெரிது என்று வேறு சொல்லிக்கொள்வீர்கள்.

பெரிதுதான். அது இல்லாத நாட்களை நான் பார்த்திருக்கிறேனே. தாய் தகப்பன் விடியுமுன்னே பெயர் கூப்பிடும் இடத்துக்கு ஓடிவிடுவார்கள். அங்கிருந்து பால்மரம் வெட்டப் போனால் மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். பிள்ளைகள் கடுங்காப்பியை ஊற்றிக்கொண்டு வந்து, அகரத்திலேயே சரிந்து தூங்கிவிடும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சண்டை பிடித்தீர்கள். "ஒலையில அரிசி போடுறப்ப ஒரு புடி எடுத்து இந்தப் பானையில போடு. உம்புள்ளைக்குத்தானே கேக்குறேன், எனக்கா கேக்குறேன்?" அந்தப் பிடி அரிசியில்தான் பள்ளிக்கூடத்து அடுப்பு எரிந்தது. துரையும் கொடுக்கவில்லை, கங்காணியும் கொடுக்கவில்லை.

முதலில் எல்லாம் புழுங்கல் அரிசி. ரங்கூனிலிருந்து வருவது. பழுப்பாய், ஊறல் வாடையோடு இருக்கும். பிறகு அரிசித் தட்டுப்பாடு வந்து, கிடைத்ததைத் தின்று நாளை ஓட்டினோம். தட்டுப்பாடு தீர்ந்ததும் தோட்டத்துக் கடையில் சயாம் வெள்ளை அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. புழுங்கலும் திரும்பி வந்தது. விலையும் அதுதான் குறைச்சல். ஆனால் யாருக்கு வேண்டும் அது?

நீங்கள் வெள்ளை அரிசியை முறத்தில் அள்ளி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தது எனக்கு மறக்கவில்லை. ஊரில் மிராசுதார் வீட்டில் அதைப் புடைத்திருக்கிறீர்கள், களைந்திருக்கிறீர்கள், பொங்கி இறக்கியிருக்கிறீர்கள். உங்கள் வாய்க்கு அது வந்தது பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும். "கடல் தாண்டி வந்ததுக்கு இது ஒண்ணாச்சும் மிச்சம் புள்ள. எம்மவ பவளம் தெனைக்கும் கலியாணச் சோறு திங்குது" என்றீர்கள். சிரித்தால் உங்கள் மூக்குத்தி கோணிக்கொள்ளும். அன்றைக்குக் கோணிக்கொண்டது.

லயத்துப் பெண்களும் உங்களைப் போலத்தான். தங்கள் உலையில் புழுங்கலைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பானைக்கு என்று வெள்ளை அரிசியில் பிடி எடுத்தார்கள். இருப்பதில் நல்லதைப் பிள்ளைக்கு எடுத்து வைக்கும் கை அது. அந்தக் கைகளை நான் எப்படி அண்ணி குற்றம் சொல்வேன்?

நீங்கள் அரிசி களைவதைப் பார்க்கப் பிள்ளைகள் எட்டி எட்டி நிற்கும். உள்ளே வரிவரியாய்ப் பள்ளம் ஓடும் அரிக்கன் சட்டியில் போட்டு, உள்ளங்கையால் அரக்கி அரக்கி, தண்ணீர் கண்ணாடி போல வரும்வரை விடமாட்டீர்கள். வெந்ததும் கஞ்சியை வடித்து வாய்க்காலில் ஊற்றிவிடுவீர்கள். உதிரி உதிரியாய், மல்லிகை மொட்டுப் போலச் சோறு. அதன் மேல் புளிரசம். அரிசியிலிருந்த சத்தெல்லாம் வாய்க்காலோடு போயிற்று என்று அப்போது யாருக்குத் தெரியும்? வாய்க்கால் ஓரத்துப் புல் நன்றாய்க் கொழுத்தது.

இரண்டாவது பிள்ளை பிறந்தான். பெற்ற உடம்புக்குப் பத்தியம் என்றார்கள். கீரை குளிர்ச்சி, பருப்பு வாயு, மீன் ஆகவே ஆகாது. வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் மட்டும். அண்ணன் கடையில் போய் இருப்பதிலேயே வெளுப்பான அரிசியாகப் பார்த்து வாங்கி வந்தார். உங்கள் கால் வீங்கியது. பெற்ற உடம்பு ஊதத்தான் செய்யும் என்றார்கள். நான் உங்கள் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்தபோது என் விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

பையன் அழுதான். வாய் திறக்கும், முகம் சிவக்கும், சத்தம் மட்டும் வராது. நீங்கள் அவனை மார்போடு வைத்துக்கொண்டு, "சத்தமா அழுடா, அம்மாவுக்குக் கேக்கலடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அவன் முதலில் போனான். பின்னாலேயே நீங்களும் மூச்சு முட்டிப் போய்விட்டீர்கள். பக்கத்தில் மங்குத் தட்டில் சோறு இருந்தது. ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தீர்கள். அந்த மங்குத் தட்டை நான் இன்னும் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன், யாருக்கும் அதில் சோறு போடுவதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் ஐயா, எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இது காத்து கருப்பு இல்லம்மா. பெரிபெரி. தீட்டுன வெள்ளை அரிசியே கதின்னு கெடக்குறவங்களுக்கு வர்றது. ஈயம் தோண்டுற சீனவங்க தங்குற கொங்சிக் கொட்டாயில இப்படிக் கால் வீங்கி எத்தனையோ பேரு விழுந்திருக்காங்க. புழுங்கல் திங்கிறவங்களுக்கு இது வாரதில்ல. புள்ளைங்களுக்குப் புழுங்கலப் போடுங்க. பயறு போடுங்க, கீரை போடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா?" என்றேன்.

"சொன்னேனே. உங்கண்ணிதான், 'நீங்க ஒங்க வீட்டுல என்னா அரிசி திங்கிறீங்க'ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு."

அவர் வீட்டில் வெள்ளை அரிசிதான். கூடவே முட்டையும் கறியும் உண்டு, அதனால் அவருக்கு ஒன்றும் வரவில்லை. நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான் அண்ணி. நியாயமான கேள்வி கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களுக்குக் காரியம் முடிந்த பிறகுதான் பவளத்தை நான் சரியாகப் பார்த்தேன். உங்கள் மகள் கொட்டகைக்குப் பின்பக்கமாய் வந்து, அந்தக் கட்டைப் படியில் தாவி ஏறி, நீங்கள் திரும்பி நிற்கும் நேரம் சோற்றில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடுவாளே. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க அண்ணன் உருட்டிப் போட்ட அந்தக் கட்டை அவளுக்கு இடுப்பளவு உயரம். அப்படித் தாவினவள் இப்போது குந்தினால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாமல் தடுமாறினாள். பாதத்தைத் தூக்க மாட்டாமல் தரையோடு இழுத்து நடந்தாள். நான் அவள் கெண்டைக்காலை அமுக்கினேன். "வலிக்குது அத்தே" என்று கத்தினாள். அதே பெரிபெரிதான்.

உங்கள் அடுப்புக்கு வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை. நானே பற்றவைத்தேன். லயத்தில் போய்ப் புழுங்கல் அரிசி கேட்டேன். ஒரு முறை மட்டும் அலசி, கஞ்சி வடிக்காமல், பாசிப்பயறும் நெத்திலிக் கருவாடும் போட்டு, வேலியோரத்து முருங்கைக்கீரையை உருவிச் சேர்த்துக் குழைய வேகவிட்டேன். சமையலில் எனக்குக் கைப்பக்குவம் கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனாலும் வாயில் வைக்க முடியாத அளவுக்கு மோசமில்லை.

பிள்ளைகள் வாயில் வைக்கவில்லை. மங்குத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அடுப்படி மூலையையே பார்த்தன. என்ன பார்க்கிறீர்கள் என்று அதட்டினேன். ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "காத்தாயி அத்தே நிக்குது. கோவமா இருக்கு. சோறு மாறிப்போச்சுன்னு அரிசியப் போட்டு அரக்குது, சத்தம் கேக்குதுல்ல?"

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து முனியாண்டிக்கும் பயப்படாமல், ஏசுவுக்கும் பயப்படாமல் நடுவில் நிற்கிறவள் என்று நீங்களே என்னைக் கேலி செய்வீர்கள். ஆனால் அண்ணி, அன்றைக்கு நானும் கேட்டேன். சட்டியின் வரிப்பள்ளத்தில் அரிசி உரசும் சத்தம். சர்ர்... சர்ர்... நிறுத்தி, தண்ணீர் மாற்றி, மறுபடி சர்ர். மலையிலிருந்து இறங்கிய மழை தகரத்தில் அடிக்கும் சத்தமாக இருக்கலாம். அரிக்கன் சட்டி ஆணியில் கவிழ்ந்து தொங்கியது. உலர்ந்துதான் இருந்தது, தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் என்னை விடவில்லை. பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வரும். கிணற்றில் வாளி இறக்கும்போது வரும். கோபமா அண்ணி? உங்கள் அடுப்பில், உங்கள் கரண்டியால், உங்களுக்குப் பிடிக்காத சோற்றை நான் ஆக்கினேனே, அதற்கா? இல்லை, தேய்த்துப் போக்கியதைத் திரும்ப அரிசியிலேயே ஒட்டவைக்கப் பார்த்தீர்களா?

மற்றப் பிள்ளைகளாவது வீட்டுக்குப் போய் எதையாவது தின்றுவிடும். பவளம் வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளைச் சோறு கேட்டாள். மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சினேன், பிறகு அடித்தும்விட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "எங்கம்மாவுக்கு இந்த நாத்தச் சோறு புடிக்காது. நான் தின்னா அம்மா வராது."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அம்மா எப்படியும் வரமாட்டாள் என்றா?

செய்தி கங்காணியம்மா காதுக்குப் போனது. அவள் கெட்டவள் இல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள். கொட்டகை வாசலில் வந்து நின்று, உள்ளே கால் வைக்காமல் சொன்னாள்: "பூசாரிய வரச் சொல்லிட்டேன் சிவகாமி. ஒரு சாவலறுத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, வாசப்படியில ஆணி அடிச்சுப்புட்டா அவ போயிருவா. அப்புறம் புள்ளைங்க பயமில்லாம சாப்பிடும்லா."

ஆணி. நீங்கள் மெழுகின வாசற்படியில். நான் என்ன சொல்கிறேன் என்று யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது. "அவங்கள யாரும் வெரட்டக் கூடாது. அவங்க இல்லாம இந்தப் பொண்ணு சாப்பிடாது. பூசாரி வேணாம், சேவலும் வேணாம். எங்கண்ணிக்கு நான் படையல் போடுறேன்."

அப்போதுதான் எனக்கே புரிந்தது. அம்மாவுக்குப் பிடிக்காது என்றுதானே பிள்ளை தின்ன மறுக்கிறாள்? அப்படியென்றால் அம்மா முதலில் தின்னட்டும்.

மறுநாள் வேலை முடிந்து லயத்துப் பெண்கள் கொட்டகைக்கு வந்தார்கள். தலைவாழை இலை விரித்து, பானையிலிருந்த அதே புழுங்கல் சோற்றை, பயறும் முருங்கையுமாய்ச் சேர்ந்து குழைந்ததை, இலை நடுவில் வைத்தேன். ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள்! "அடி பாவி, படையலுக்கு யாராச்சும் புழுங்கல வெப்பாங்களா? ஒரு தடவ வெந்த அரிசிடி அது. பச்சரிசிதானே படைக்கணும்?" "செத்தவ ஆசப்பட்ட சோத்த வெக்காம, கூலிக்காரச் சோத்த வெக்கிறியே?" ஒருத்தி தன் வீட்டு வெள்ளைச் சோற்றையே வாழையிலையில் மூடி எடுத்து வந்திருந்தாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் சொல்வதுதான் முறை, நான் செய்வதுதான் முறைகேடு. எனக்குத் தெரியாதா?

இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் உங்களைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா? "அண்ணி, இது ஒங்களுக்குப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஒங்க ஆசையில மண்ணப் போட்டுட்டேன்னு நெனச்சாலும் சரி. பவளத்துக்குக் கால் விளங்காமப் போவுது. நீங்க தின்னாத்தான் அவ திம்பா. மூக்கப் புடிச்சுக்கிட்டாவது ஒரு வாய் தின்னுட்டுப் போங்க அண்ணி." ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செத்தவர்களை இப்படி அதட்டி யாரும் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது.

படைத்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றால் இறந்தவர்கள் வந்து சாப்பிட மாட்டார்கள் அல்லவா? எல்லோரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினேன். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. பவளம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, சாத்திய கதவையே பார்த்தாள். அந்த நேரம் முழுவதும் நான் வேண்டிக்கொண்டது எந்தச் சாமியிடம் என்று எனக்கே தெரியாது.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தேன். இலையில் சோற்றின் நடுவே ஒரு குழி இருந்தது.

கைவிரல்கள் அள்ளிய குழி. உங்கள் பாதத்தில் என் விரல் பதிந்து நின்றதே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெண்கள் குலவையிடவும் மறந்து நின்றார்கள். பவளம் காலை இழுத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா தின்னுருச்சு" என்றாள். பிறகு அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே கையை வைத்து, முகத்தை அஷ்ட கோணலாக்கிக்கொண்டு, ஒரு வாய் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் மங்கை நீட்டின. இறந்தவர் தொட்ட படையலை வேண்டாம் என்று எந்தப் பிள்ளை சொல்லும், எந்தத் தாய்தான் சொல்ல விடுவாள்?

அன்றிலிருந்து தினமும் உங்களுக்குத்தான் முதல் கரண்டி. இலை போடுவது, கூப்பிடுவது, கதவு சாத்துவது, திறப்பது. தினமும் குழி. லயத்துப் பெண்கள் பிடி அரிசிக்குப் புழுங்கலையே கொண்டுவந்தார்கள். "காத்தாயி திங்கிற அரிசி" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சில வீடுகளில் வெள்ளை அரிசி வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள், கைக்காசும் மிச்சமாகிறது என்று. டிரெசர் ஐயா வந்து பார்த்துவிட்டு, இத்தனை நாள் தன் பேச்சுக்கு மசியாதவர்கள் எப்படி மாறினார்கள் என்றார். எங்கள் அண்ணி பேச்சுக்கு மசிந்தார்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

ஆனால் எனக்குள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. நீங்கள்தானா அது? ஒரு நாள் இலையின் ஓரத்தில் நூல் போல எதுவோ ஒட்டியிருந்தது. எடுத்து இழுத்தேன், நீண்டது. காய்ந்த ரப்பர்ப் பால், மரம் வெட்டுகிறவர் கையில் ஒட்டிக்கிடப்பது. மறுநாள் கதவைச் சாத்திவிட்டு, பெண்களோடு தாழ்வாரத்தில் நிற்காமல் கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். பின்கதவு லேசாகத் திறந்திருந்தது. அண்ணன் இலைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் காரியத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடாத மனிதர். குனிந்து, மெல்ல மென்றுகொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. திருடி அகப்பட்டவர் போல விழித்தார். "அவ என்னைக்குப் புள்ள தனியா சாப்பிட்டிருக்கா?" என்றார். நான் கதவை முன்பிருந்தபடியே ஒருக்களித்துவிட்டு வந்துவிட்டேன். முதல் நாளும் அவர்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எனக்கு நிம்மதியும் வந்தது, ஏமாற்றமும் வந்தது. ஏமாற்றம்தான் அதிகம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதோடு அரிசி களையும் சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை.

இப்போது இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன்.

அண்ணன் நேற்றே காம்பாருக்குப் போய்விட்டார். கூட்டாளி ஒருவர் வீட்டில் சாவு. திரும்ப நாளையாகும். காலையிலிருந்து எனக்குப் பதற்றம். இலையில் குழி இல்லாமல் போனால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? பவளம் என்ன நினைப்பாள்? நானே கை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டவும் செய்தேன். முடியவில்லை அண்ணி. உங்கள் சோற்றில் என் கை போகவில்லை. உங்களைக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் மங்கும் கையுமாக அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தன. நான் யாரையும் பார்க்கவில்லை. மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தேன். நடுவில் குழி இல்லை. கிட்டே போய்க் குனிந்தேன்.

சோறு ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அண்ணன் எப்போதும் நடுவில்தான் அள்ளுவார். இலையின் இடது விளிம்பில் முருங்கைக் காம்புகள், ஒன்றையொன்று தொடாமல், வேலி கட்டினது போல வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அப்படி வைக்கிறவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். காம்பை ஒதுக்கி ஒதுக்கி வேலி கட்டினால் சோறு ஆறிப்போகும் என்று நான் எத்தனை தடவை உங்களைத் திட்டியிருக்கிறேன்!

பின்கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் அந்தக் கட்டைப் படி. அதில் ஈரம். மழை நாளில் எல்லாப் படியும் ஈரம்தான்.

திரும்பிப் பார்த்தேன். பவளம் பிள்ளைகளோடு வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் காலி மங்கு. மூச்சு கொஞ்சம் வாங்கியது. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மங்கை நிறைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு, தின்றதில் காம்புகளை மங்கின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. பிறகு கையை ஊன்றாமல், அண்ணி, கையை ஊன்றாமல் எழுந்து என்னிடம் வந்து மங்கை நீட்டினாள். "இன்னுங் கொஞ்சம் போடு அத்தே. இன்னைக்கு நாத்தமே இல்ல."

வந்தது நீங்களா? இல்லை, அந்தக் கட்டைப் படியில் உங்கள் மகளின் கால் ஏறிவிட்டதா?

நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டில் ஒன்று இல்லை என்று ஆகிவிட வேண்டாமே என்றுதான் கேட்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு இனிப் படையல் தேவையில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்குப் பாதிப் பேர் கதவு திறப்பதற்கு முன்பே மங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கங்காணியம்மாகூட, "போதும் சிவகாமி, அவளையும் நிம்மதியாப் போவ விடு" என்கிறாள். அவள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஆகவே ஒன்று சொல்கிறேன், இதை என் வாக்காக வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்த அடுப்படியில் இருக்கும் வரைக்கும் ஒரு பிள்ளையும் பசியோடு எழுத்துப் படிக்காது. நாளைக்கும் முதல் கரண்டி உங்களுக்குத்தான். புழுங்கல் சோறுதான், முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடுங்கள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன். அண்ணன் வரட்டும், உங்கள் மகள் வரட்டும், நீங்களும் வாருங்கள்.

உங்கள் பவளத்துக்கு அத்தையும்,
உங்களுக்கு என்றைக்கும் அடங்காத நாத்தனாருமான
சிவகாமி